பார்டரில் சர்க்கரை, எடை 84 கிலோ: செயலியை நம்பலாமா?

கேள்வி கேட்டவர்: கல்லாப்பெட்டி, காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. காரைக்குடியில் பெயிண்ட், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஷட்டரை இறக்கும்போதுதான் எழுந்திருப்பேன். சாமான் எடுத்துக் கொடுக்கப் பையன்கள் இருக்கிறார்கள். உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 84 கிலோ, இடுப்புச் சுற்று 98 சென்டிமீட்டர். தீபாவளிக்கு வந்திருந்த மகள் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போய் இரத்தம் கொடுக்க வைத்தாள். வெறும் வயிற்றில் 112. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது, பார்டரில் இருக்கிறீர்கள். எடையைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்” என்றார். எப்படிக் குறைப்பது என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் ஆத்தாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே இந்தப் பார்டர் எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மகள் சென்னைக்குத் திரும்புமுன் என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிவிட்டுப் போனாள். எவ்வளவு நடந்தேன், என்ன சாப்பிட்டேன், எடை என்ன, எல்லாவற்றையும் அதில் போட வேண்டுமாம். போட்டுத்தான் பார்க்கிறேன். சிக்கல் என்னவென்றால் அதற்கு நம் ஊர்ச் சாப்பாடு தெரியவில்லை. இட்லி தெரிகிறது, சப்பாத்தி தெரிகிறது. வெள்ளைப் பணியாரம் என்று போட்டால் குழிப்பணியாரத்தைக் காட்டுகிறது. அது எங்கே, எண்ணெயில் மிதந்து உப்பி வரும் இது எங்கே? கவுனி அரிசி என்றால் சர்க்கரையும் நெய்யும் இல்லாத வெறும் கருப்பரிசிச் சோறு. மண்டி என்று தட்டியதற்கு ஏதோ அரபுநாட்டுக் கறிச்சோற்றைக் காட்டி, ஒரு தட்டுக்கு இத்தனை கலோரி என்று பயமுறுத்தியது. நான் தின்றது வெண்டைக்காய் மண்டி, இரண்டு கரண்டி.

நடைக் கணக்கும் இந்த அழகில்தான். டூவீலரில் பாங்குக்குப் போய்வந்தால், மேடுபள்ளத்தில் குலுங்கியதையெல்லாம் அடிகளாக எண்ணிக்கொண்டு, “சபாஷ், இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்” என்று திரையில் பட்டாசு வெடிக்கிறது. கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனிதனுக்கு!

இப்போது பணம் கட்டினால் உணவு ஆலோசகர் ஒருவர் பேசுவார் என்று தினமும் செய்தி வருகிறது. நான் வியாபாரி. பணம் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, கொடுத்ததற்குச் சரக்கு வருமா என்று தெரிய வேண்டும். இந்தச் செயலிகளால் உண்மையிலேயே யாருக்காவது சர்க்கரை வராமல் நின்றிருக்கிறதா? அல்லது மருந்துக் கடைக்குப் போக வேண்டிய பணம் முன்கூட்டியே வேறு இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதானா? நம் சாப்பாட்டை இதில் எப்படிக் கணக்கு வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில்: தேக்கா தேவகோட்டையான், சிங்கப்பூர்

அண்ணே, இங்கே அரசாங்கமே இதைச் செய்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஹெல்த்தி 365’ என்ற செயலியில் நடந்த அடிகளுக்குப் புள்ளிகள் சேரும். புள்ளிகளைக் கடையில் மாற்றிக்கொள்ளும் வவுச்சராக எடுக்கலாம். 2015இல் நடைச் சவால் என்று தொடங்கினார்கள். வவுச்சருக்காக நடக்கிறார்கள் என்று கேலி பேசியவன்தான் நானும். ஆனால் இரவு பத்து மணிக்கு அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே மிச்ச அடிகளை முடிப்பதற்காகச் சுற்றிச் சுற்றி வருகிற அத்தைமார்களைப் பார்த்தால் கேலி வராது. ஊரில் அப்படி எதுவும் இல்லை என்றால், மகளிடம் சொல்லி ஒரு பந்தயம் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நடக்க மனிதனுக்கு மனம் வராது.


பதில்: பழைய ஆள், பள்ளத்தூர்

எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து வந்தவர். இலையில் நெய்யை ஊற்றினால் வழிந்து ஓடும். ஆடி மாதம் கருப்பட்டியும் நெய்யும் போட்ட கும்மாயத்தை உருட்டி உருட்டி விழுங்குவார். 90 வயது. செயலி, கியலி எதுவும் கிடையாது. எல்லாம் பயமுறுத்திப் பணம் பிடுங்கும் வேலை.


பதில்: பலகார ஆச்சி, கானாடுகாத்தான்

பள்ளத்தூர்க்காரர் சொல்கிற ஐயா நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர் தின்ற நெய்யைச் சொல்கிறோம். சந்தைக்கும் கோவிலுக்கும் கால்நடையாகவே போய்வந்ததையும், விளக்கு வைத்த பிறகு வாயைக் கட்டியதையும் சொல்ல மாட்டோம். நாற்பதிலும் ஐம்பதிலும் போனவர்களும் அதே காலத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் படமும் வளவில் வரிசையாகத்தான் தொங்குகிறது. எந்த நோயில் போனார்கள் என்று படத்துக்குக் கீழே யாரும் எழுதி வைக்கவில்லை.

கல்லாப்பெட்டித் தம்பி, நான் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் பலகாரம் செய்து கொடுப்பவள். மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம், எல்லாம் கிலோக் கணக்கில் போகும். எனக்கும் உங்களைப் போலத்தான், பார்டர்; மூன்று மாதச் சராசரி 6.2 இருந்தது, இப்போது 5.8. மாத்திரை எதுவும் இல்லை. செயலி உதவியதா என்றால் உதவியது. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற விதத்தில் அல்ல.

முதலில் அந்தப் பணியாரக் கணக்கைத் தீர்க்கிறேன். செயலிக்கு வெள்ளைப் பணியாரம் தெரியாவிட்டால் போகட்டும். அரிசி தெரியும், உளுந்து தெரியும், எண்ணெய் தெரியும். பெரும்பாலான செயலிகளில் நம் சமையல் குறிப்பை நாமே ஏற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடுங்கள். ஒரு நாள் வீட்டில் பணியாரம் சுடும்போது சின்னத் தராசு ஒன்றை அடுப்படியில் வையுங்கள். மாவுக்குப் போட்ட பச்சரிசி 200 கிராம், உளுந்து 30 கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஊற்றுமுன் எண்ணெயை நிறுக்க வேண்டும். சுட்டு முடித்து, சட்டி நன்றாக ஆறிய பிறகு, மிச்ச எண்ணெயையும் வடிதட்டில் வடிந்ததையும் சேர்த்து நிறுக்க வேண்டும். நான் செய்தபோது 500 கிராம் ஊற்றியதில் 380 திரும்பி வந்தது. பணியாரம் 24. ஆகவே ஒவ்வொரு பணியாரமும் ஐந்து கிராம் எண்ணெயைக் குடித்திருக்கிறது. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. ஒரு பணியாரத்தில் எண்ணெய் மட்டும் 45. மாவுக்கு வருவது 33, 34தான். நாம் தின்பது எண்ணெய்ப் பணியாரம், அதில் கொஞ்சம் அரிசி சேர்த்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். சட்டியில் எண்ணெய் காயாமல் ஊற்றினால் இன்னும் அதிகம் குடிக்கும், அதையும் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.

இதை ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு “வெள்ளைப் பணியாரம், மூன்று” என்று தட்டினால் போதும். எங்கள் வீட்டில் அடிக்கடி செய்கிற பண்டங்களை மட்டும் இப்படி ஏற்றினேன். கோசமல்லிக்கும் மண்டிக்கும் மெனக்கெடவில்லை. காய் தின்று யாருக்கும் சர்க்கரை வந்ததில்லை. நீங்கள் கடையில் ஒவ்வொரு ஆணியையும் தனித்தனியாகவா பேரேட்டில் ஏற்றுகிறீர்கள்? விலை போகிற சரக்கைத்தானே எழுதுவீர்கள். அதேபோல அரிசிச் சோறு, எண்ணெயில் பொரித்தது, இனிப்பு, காபிச் சர்க்கரை, இந்த நான்கையும் ஒழுங்காக எழுதுங்கள். மீதியை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் எழுத ஆரம்பிப்பவர்கள் இரண்டாவது வாரத்தில் செயலியையே அழித்துவிடுகிறார்கள். என் தங்கை அப்படித்தான், கறிவேப்பிலையைக்கூட எழுதினாள்.

எனக்குச் செயலி காட்டிக்கொடுத்தது வேறொன்று. நான் இலையில் அதிகம் போட்டுக்கொள்பவள் அல்ல. ஆனால் பதம் பார்ப்பது என் தொழில். பாகு பதம் பார்க்க ஒரு விரல், மனகோலம் நொறுங்குகிறதா என்று நாலு, மாவுருண்டை பிடிக்கிறதா என்று ஒன்று. இவற்றையும் எழுதுங்கள் என்றாள் மருமகள். எழுதினேன். ஆர்டர் உள்ள நாளில் பதம் பார்த்தது மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சமமாக வந்து நின்றது. இப்போது பதம் பார்க்க வேலைக்கு வருகிற பெண்ணை வைத்திருக்கிறேன். அவளுக்கு வயது 24, ஓடியாடுகிறவள், தாங்கும்.

நடை விஷயம். தம்பிக்கு டூவீலரில் கூடுதலாக எண்ணுகிறது; பெண்களுக்கு நேர்மாறு. கைப்பேசி முகப்பில் கிடக்கும், நாம் அடுப்படிக்கும் வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடந்துகொண்டே இருப்போம். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குறுக்கே போகிறோம்! நான் ஒரு சுருக்குப்பை தைத்து, அதில் கைப்பேசியைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன். பிறகுதான் ஒழுங்கான கணக்கு வந்தது. ஆனாலும் வீட்டுக்குள் நடப்பது மூச்சு வாங்குகிற நடை அல்ல. சாயங்காலம் ஊருணிக் கரையைச் சுற்றி வேகமாக நடக்கிறேன். நாய்த் தொல்லை உள்ள நாளில் வளவைச் சுற்றி. நீங்கள் டூவீலரில் ஏறும்போது அடி எண்ணுவதை நிறுத்தி வையுங்கள், அல்லது அடிகளை மறந்துவிட்டு நிமிடக் கணக்கை மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, பணம் கட்டுவதைப் பற்றி. எனக்குப் பணம் கட்டிய ஆலோசகர் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மருமகள் ஞாயிற்றுக்கிழமை என் கணக்கைத் திறந்து பார்ப்பாள். “அத்தை, புதன்கிழமை என்ன நடந்தது?” என்று ஒரு செய்தி வரும். அவ்வளவுதான் அவள் செய்வது. அந்தப் புதன்கிழமைக் கேள்வி வரும் என்று தெரிவதால் செவ்வாய்க்கிழமை ராத்திரியே கை கட்டுப்படுகிறது. யாரும் பார்க்காத கணக்கை எழுதிப் பயனில்லை. உங்களுக்குப் பார்க்க மகள் இருக்கிறாள். அவளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் திட்டு வாங்கத் தயாராக இருங்கள்.


கல்லாப்பெட்டி, காரைக்குடி

ஆச்சி, மிக்க நன்றி. எண்ணெய் நிறுத்த கணக்கை வீட்டில் வாசித்துக் காட்டினேன். “தராசு வேண்டுமானால் கடையிலிருந்து கொண்டுவாருங்கள், ஆனால் நிறுப்பது நீங்கள்தான்” என்று பதில் வந்தது. நியாயம்தான்.

இரண்டு சந்தேகம். எழுத ஆரம்பித்த பிறகு சாப்பாட்டைக் குறைத்துத்தான் இருக்கிறேன். காபியில் சர்க்கரையை நிறுத்தியாயிற்று, இடைப்பலகாரத்துக்குச் சுண்டல்தான். எடை ஒன்றரைக் கிலோ இறங்கி அங்கேயே நிற்கிறது. முள் அசையவில்லை என்றால் எல்லாம் வீண்தானா? இன்னொன்று, விரலைக் கைப்பேசிக் கேமராவில் வைத்தால் சர்க்கரை அளவு சொல்லும் செயலி ஒன்றைப் பக்கத்துக் கடைக்காரர் காட்டினார். அவருக்கு 98 என்றது, எனக்கு 104. நம்பலாமா?


பதில்: ஓய்வுபெற்ற உணவியலாளர், தேவகோட்டை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: நம்பாதீர்கள், இன்றே அழித்துவிடுங்கள். கைப்பேசிக் கேமராவில் விரலை வைத்துச் சர்க்கரையை அளக்க முடியாது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது; அப்படிப்பட்ட எதற்கும் அது அனுமதி தந்திருக்கவில்லை. உங்கள் பக்கத்துக் கடைக்காரரின் விரலுக்குப் பதில் ஒரு வாழைப்பழத்தை வைத்துப் பாருங்கள், அதற்கும் ஒரு எண் சொன்னாலும் சொல்லும்.

இப்போது உங்கள் மூலக் கேள்வி, செயலியால் சர்க்கரை நின்றிருக்கிறதா என்பது. இந்தச் செயலிகள் வருமுன்பே இதற்கு அடிப்படை போட்டாயிற்று. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் பார்டரில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் தனி ஆலோசகர், பதினாறு பாடம். நம் டோக்கன் வரிசைக்கு அது கட்டுப்படியாகாது.

நம் ஊருக்குப் பொருந்துவது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்தது. 2006இல் வெளியான அவர்களது முதல் ஆய்வில், வெறும் பொது அறிவுரை பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம். உங்கள் முதல் சந்தேகத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது: மாற்றிக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போயிற்று. நம்மவர்களுக்கு வயிற்றிலும் கல்லீரலிலும் சேருகிற கொழுப்புதான் வினை. தராசு அசையாவிட்டாலும் உள்ளே மாற்றம் நடந்துகொண்டிருக்கலாம். வாரம் ஒருமுறை டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து செயலியில் போடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழே, பெண்களுக்கு 80க்குக் கீழே இருக்க வேண்டும். இதற்காக எடையை விட்டுவிடச் சொல்லவில்லை. உங்கள் உயரத்துக்கு உடல் நிறை எண் ஏறக்குறைய 30 வருகிறது. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை. 84இல் 7 சதவீதம் என்பது ஆறு கிலோ. ஒன்றரை வந்துவிட்டது.

அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 35 முதல் 55 வயது வரையுள்ள, வேலைக்குப் போகிற ஆண்கள் 537 பேர். எல்லோருக்கும் தொடக்கத்தில் அறிவுரை சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் கைப்பேசியில் குறுஞ்செய்தி தொடர்ந்து வந்தது, சாப்பாட்டையும் நடையையும் பற்றி. இரண்டு ஆண்டுகள் கழித்து, செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். வந்தவர்களில் 18 சதவீதம். அது சாதாரண எஸ்எம்எஸ். பட்டாசு இல்லை, புள்ளிகள் இல்லை, சந்தா இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருவது அதுதான்.

அதற்குப் பின் வந்த செயலிகள் கெட்டிக்காரத்தனமானவை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், பார்டரில் இருந்த, எடை கூடிய 368 பேரில் பாதிப் பேரைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும், மீதிப் பேரை மனித ஆலோசகர்களிடமும் ஒப்படைத்தார்கள். ஓராண்டு கழித்து எடை, நடை, சர்க்கரைச் சராசரி இவற்றை வைத்து வகுத்த இலக்கை எட்டியவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 32 சதவீதம். செயலி மனிதருக்குச் சமம் என்று விளம்பரம் செய்வார்கள், சரிதான். இரண்டிலும் மூன்றில் இரண்டு பேர் எட்டவில்லை என்பதையும் நீங்கள் படித்துக்கொள்ள வேண்டும். ஆகவே சந்தா கட்டுவதற்கு முன், இலவசப் பகுதியைப் பொங்கல் வரைக்கும் விடாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாதவருக்கு ஆலோசகர் வந்தும் எதைப் பார்த்துப் பேசுவார்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ‘நியூட்ரிஃபை இந்தியா நௌ’ என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது. இந்திய உணவுப் பொருட்களின் அளவுகளைத் தெரிந்துகொள்ள அது கைகொடுக்கும். தட்டைப் படம் பிடித்தால் கலோரி சொல்லும் வசதியைச் சிலர் புகழ்கிறார்கள். படத்தில் இட்லியின் எண்ணிக்கை தெரியும். பணியாரம் குடித்த எண்ணெய் தெரியாது. ஆச்சியின் தராசுதான் சரியான வழி. நான் வேலையில் இருந்த காலத்தில் இவர் பக்கத்தில் இருந்திருந்தால் பாடம் நடத்தக் கூப்பிட்டிருப்பேன்.

இன்னும் ஒன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு. இரத்தம் எடுக்காமலே போட்டுப் பார்க்கலாம். உங்களுக்குப் போட்டேன். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, நடை இல்லாத உட்கார்ந்த வேலைக்கு 30, பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதால் 10. மொத்தம் 70. அறுபது வந்தாலே அதிக அபாயம். இதில் வயதையும் ஆத்தாவையும் மாற்ற முடியாது. கல்லாவில் உட்கார்ந்தே இருப்பதற்கான 30ஐ மாற்றலாம். சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் கடைக்கு வெளியே நடந்துவிட்டு வாருங்கள், வாடிக்கையாளர் ஓடிவிட மாட்டார்.

மூன்று மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சராசரி இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்து வருவது; அவற்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால்தான் அந்த இடைவெளி. இரத்தசோகை உள்ளவர்களுக்கு அந்தச் சராசரி ஏறுமாறாகக் காட்டும். பெண்கள் இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எண் 6.5ஐத் தொட்டால் டாக்டர் பேச்சுதான் முடிவு. மெட்ஃபார்மின் வேண்டுமா என்பதும் அவர் சொல்ல வேண்டியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்து 2023இல் வெளியிட்ட கணக்கில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், பார்டரில் இருப்பவர்கள் 13 கோடிக்கு மேல். பெரிய கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.


பழைய ஆள், பள்ளத்தூர்

எஸ்எம்எஸ் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சரி, தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறோமே, அதைச் செயலியில் போட்டால் வருடம் முழுவதற்கும் சேர்ந்துவிடாதா? எனக்கும் போன வருடம் டாக்டர் ஏதோ சொன்னார்.


பலகார ஆச்சி, கானாடுகாத்தான்

சேராது. நடந்த வாரத்துக்குத்தான் அது கணக்கு. வழியெல்லாம் அன்னதானப் பந்தலில் சர்க்கரைப் பொங்கலும் பானகமும் குடித்துவிட்டு, எடை கூடித் திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் பாதயாத்திரைக்குப் பழகுவதற்காக மார்கழி முழுவதும் விடியற்காலையில் நடப்பீர்கள் அல்லவா, அதைப் பங்குனியிலும் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்னது ‘ஏதோ’ அல்ல. தாளைத் தேடி எடுத்து எண்ணைப் பாருங்கள்.


கல்லாப்பெட்டி, காரைக்குடி

ஓய்வுபெற்ற அம்மாவுக்கோ ஐயாவுக்கோ, மிக்க நன்றி. விரல் செயலியை அழித்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் வாழைப்பழம் வைத்துப் பார்க்கப் போயிருக்கிறார். கணக்கு இப்போது மகள் கையிலும் இருக்கிறது. நேற்று இரவு “சனிக்கிழமை 7.40க்கு என்ன அப்பச்சி?” என்று முதல் செய்தி வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன், கவுனி அரிசி. கருப்பரிசி உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று எழுதினேன். அவளிடமிருந்து பதில் இல்லை, சிரிப்புப் படம் மட்டும்.

ஆச்சி, கும்மாயத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லிவிடுங்கள். எப்படியும் செய்வார்கள், எப்படியும் தின்பேன்.


பலகார ஆச்சி, கானாடுகாத்தான்

கவுனி அரிசி நல்லதுதான், சோறாகச் சாப்பிட்டால். நாம் அதைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறினால் அது இனிப்பு. மகள் சிரித்ததில் தவறில்லை.

கும்மாயம்: வறுத்து அரைத்த மாவு 200 கிராம், கருப்பட்டி 300, நெய் 100. மாவுக்கு ஏறக்குறைய 680 கலோரி, கருப்பட்டிக்கு 1,100, நெய்க்கு 900. கூட்டினால் 2,680. பன்னிரண்டு சின்னக் கிண்ணமாகப் பங்கிட்டால் கிண்ணத்துக்கு 220க்குக் கொஞ்சம் மேலே வரும். நெய் பிரிந்து மேலே மிதந்தால் அதைக் கரண்டியால் எடுத்துவிடலாம்; எடுத்ததை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டிதானே என்று சர்க்கரைக் கட்டத்தில் சுழியம் போடக் கூடாது, செயலி கேட்காது, மகள் கேட்பாள்.